பிடித்த ஸ்ட்ரீமர் எதிரணியில் வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

செந்தூல்_டேங்க்:
நேற்று இரவு மொபைல் லெஜெண்ட்ஸ் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் கைப்பேசி கேம்) ராங்க் ஆட்டத்தில் எனக்கு எதிரணியில் வந்து விழுந்தவர், மலேசியாவில் எம்.சி.ஓ. என்ற கொரோனா ஊரடங்கு இருந்த காலத்திலிருந்து நான் விடாமல் பார்த்துவரும் நம்ம ஊர்த் தமிழ் ஸ்ட்ரீமர். பெயரை இங்கே போடப் போவதில்லை, தயவுசெய்து நீங்களும் போடாதீர்கள். ஹீரோக்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஃபேனி என்ற ஹீரோவை யாரும் பேன் செய்து விலக்கவில்லை, எதிரணி அதை எடுத்தது, உடனே நான் கூஃப்ரா என்ற ஹீரோவை எடுத்தேன். ரோமர், அதாவது சுற்றி வந்து அணியைக் காக்கும் இடத்தில், ஆடுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள், ஏனென்றால் ஃபேனி கேபிள் போட்டுப் பறந்து வரும்போது கூஃப்ரா பந்தாக உருண்டுகொண்டிருந்தால் அந்தப் பறத்தல் அங்கேயே நின்றுவிடும். லோடிங் திரையில்தான் ஃபேனியை எடுத்தவர் அவர் என்று பெயரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. அப்புறம் ஆட்டம் தொடங்கியது, எப்போதும் ஆடுவதுபோலவே ஆடினேன், அவருடைய பர்ப்பிள் பஃப் (அடித்தால் ஆற்றல் தரும் காட்டு மிருகம்) பக்கம் போய் நின்றேன், வந்தபோதெல்லாம் தடுத்தேன், நாங்கள் ஜெயித்தோம்.

முடிந்ததும் அவர் சேனலைத் திறந்தால் சாட் முழுக்க என் பெயர். ஸ்னைப்பராம். ஸ்ட்ரீமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடினேனாம். எல்லாரும் ரிப்போர்ட் அடியுங்கள் என்று ஒருவர் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று மதியம் அந்த ஆட்டத்தை வெட்டித் தனிக் காணொளியாகவும் ஏற்றிவிட்டார்கள், என் பெயர் பளிச்சென்று தெரிகிறது.

நான் சொல்வது இதுதான். பிடித்த ஆள் எதிரே வந்தால் முழு பலத்தோடு ஆடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. விட்டுக்கொடுப்பது மரியாதை இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. உங்கள் கருத்து?

பட்டர்வொர்த்_பெரி:
எனக்கு உடன்பாடு இல்லை தம்பி. நானும் அந்த ஸ்ட்ரீமை நேரலையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சீசன் முடிவதற்குள், ஜெயித்தால் ஏறித் தோற்றால் இறங்கும் ஸ்டாரில் 100 தொட்டு, உச்ச ராங்கான மிதிக்கல் இம்மோர்ட்டல் ஆகிவிட வேண்டும் என்று அந்த மனிதர் எவ்வளவு நாளாகப் போராடுகிறார் என்பது உனக்குத் தெரியும், ஏனென்றால் நீ அவருடைய ரசிகன். அந்த ஆட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கு அவர் யாரென்று தெரியாமல் இருந்திருக்கலாம். உனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவருடைய பர்ப்பிள் பஃபிலேயே குடியிருந்தாய். ஃபேனிக்கு அந்த பஃப் இல்லையென்றால் கேபிள் போடத் தெம்பிருக்காது, ஆட்டமே இருக்காது. தோற்றுப்போ என்று நான் சொல்லவில்லை. கோல்ட் லேன் பாதையில் உன் அணியின் மார்க்ஸ்மேன் (தூரத்திலிருந்து அடிப்பவன்) தனியாக நின்றான், அவனுக்குக் காவலாகப் போயிருக்கலாம், அதுவும் ரோமர் வேலைதானே. உனக்குப் போவது ஒரு ஸ்டார், அவருக்குப் போனது அன்றைய இரவு முழுக்க இருந்த உற்சாகம். ஆட்டம் முடிந்து அவர் முகம் வாடியதைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய்.

செந்தூல்_டேங்க்:
அண்ணே, என் அணியில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களும் ஸ்டார் ஏறத்தான் வந்தவர்கள். எனக்குப் பிடித்த ஆள் எதிரில் இருக்கிறார் என்பதற்காக அவர்கள் நான்கு பேருடைய ஆட்டத்தை நான் ஏன் விற்க வேண்டும்? வேண்டுமென்றே சரியாக ஆடாமல் இருப்பது ரிப்போர்ட் அடிக்கக்கூடிய குற்றம், அதை ரசிகன் என்ற பெயரில் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

கெப்போங்_கன்னர்:
டேங்க் சொல்வதுதான் சரி. பெரி அண்ணே, நீங்கள் பினாங்குப் பக்கம். புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு கோர்ட்டில் பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் உங்களுக்கு எதிரே வந்து நின்றால், அவர் மனம் நோகும் என்று ஸ்மாஷை மெதுவாக அடிப்பீர்களா? அடித்தால் அவருக்கே கோபம் வரும். நல்ல ஆட்டக்காரருக்கு எதிராளி இழுத்துப் பிடித்து ஆடுவது உடனே தெரிந்துவிடும்.

பட்டர்வொர்த்_பெரி:
லீ சோங் வெய்க்கு எதிரே நான் நின்றால் அவருடைய வருமானம் அதனால் பாதிக்காது. இங்கே பாதிக்கும். தமிழில் ஆடிக்காட்டுகிறவர்கள் மலேசியாவில் எத்தனை பேர்? நாம் இந்த நாட்டு மக்கள்தொகையில் ஏழு சதவீதம்கூட இல்லை, அதிலும் தமிழில் கேம் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. மலாய் ஸ்ட்ரீமருக்கோ இந்தோனேசிய ஸ்ட்ரீமருக்கோ ஒரு ஆட்டம் தோற்றால் ஒன்றும் ஆகாது, கூட்டம் அப்படியே இருக்கும். நம்ம ஆளுக்கு ஒரு இரவு சூப்பர் சாட் (பார்க்கிறவர்கள் காசு கட்டி அனுப்பும் செய்தி) வருவதே பெரிய விஷயம், அதிலும் 30 சதவீதத்தை யூடியூப் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தால்தான் ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ரசிகன் என்றால் கொஞ்சமாவது அந்த நினைப்பு வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
பெரி, ஜெயித்தால்தான் பார்ப்பார்கள் என்பது உண்மையா? நான் அவரைப் பார்ப்பது அவர் பேச்சுக்காக. தோற்ற பிறகு டீ குடித்துக்கொண்டே எங்கே தவறினோம் என்று விளக்குவார் பாருங்கள், அதற்காகவே பார்க்கிறேன். நேற்றைய காணொளியில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். கூஃப்ரா இருக்கும் இடத்தில் ஏன் கேபிள் போடக் கூடாது என்று மினி மேப்பை வைத்துச் சொன்னாரே. அவரே இந்த ஆட்டத்தைத் தனியாக வெட்டிப் போட்டிருக்கிறார் என்றால் அவருக்கு அதனால் நட்டம் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆனால் தம்பி டேங்க், உன் பெயர் தெரிகிற மாதிரி அதைப் போட்டது வேறு விஷயம். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், முதலில் அரிசி வைத்துவிட்டு வருகிறேன்.

ஆயர்_ஈத்தாம்:
விட்டுக்கொடுப்பது பற்றிய வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். ஸ்னைப்பர் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மேலே போகப் போக ஆட்கள் குறைவு. எபிக் ராங்கில் லட்சக்கணக்கில் ஆடுவார்கள், அதற்கு மேலே இருக்கும் மிதிக்கில் குறையும், 50 ஸ்டார் தாண்டி மிதிக்கல் குளோரிக்கு வந்தால் இன்னும் குறையும். நள்ளிரவு நெருங்க நெருங்க அந்தக் குறைந்த கூட்டத்திலும் பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள். ஆட்டத்துக்குப் பத்துப் பேரைச் சேர்க்கும் நிரலுக்கு அந்த நேரத்தில் எடுத்துப்போட ஆட்கள் இல்லை, இருப்பவர்களைத்தான் மாற்றி மாற்றிப் போடும். அதனால்தான் அந்த ராங்கில் ஒரே இரவில் ஒரே பெயரை மறுபடியும் மறுபடியும் பார்க்கிறோம். அவர் இரவு உணவு முடிந்து ஆட வருகிறார், அவருடைய ரசிகர்களும் அதே நேரத்தில்தான் ஆட வருகிறார்கள், அதே நாட்டில், கிட்டத்தட்ட அதே ராங்கில். சந்திக்காமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

2017-ல் பப்ஜியில் இதே சண்டை பெரிதாக வெடித்தது பலருக்கு நினைவிருக்கும். ஸ்ட்ரீமைப் பார்த்து ஆடினார்கள் என்று சொல்லிச் சிலரைத் தடை செய்தார்கள், எதை வைத்து நிரூபித்தீர்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். இன்னொருவர் வீட்டில் எந்தத் திரை திறந்திருந்தது என்பதை ஆட்டத்துக்குள்ளிருந்து எப்படிப் பார்க்க முடியும்? தொடர்ந்து பல ஆட்டங்களில் ஒரே ஆள் துரத்தி வந்தால் சந்தேகப்படலாம். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து, அதுவும் எல்லாரும் பார்க்கும்படி எடுத்த ஃபேனிக்கு எதிராகக் கூஃப்ரா எடுத்தவரை, திருடன் மாதிரி ஆக்குவது அநியாயம்.

பட்டர்வொர்த்_பெரி:
நான் ஸ்னைப்பர் என்று சொல்லவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன், தம்பி பார்த்து ஆடவில்லை. ஆனால் அவருடைய பஃப் நேரம் அவனுக்கு மனப்பாடம். எந்தப் பக்கம் தொடங்குவார், ஆமை என்ற மிருகத்தை அடிக்க எப்போது வருவார் எல்லாம் அவன் பல காலமாக அவருடைய ஸ்ட்ரீமில் பார்த்துக் கற்றது. அதையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தினான். அது எனக்கு உறுத்துகிறது.

செந்தூல்_டேங்க்:
ஆமாம், அவரிடம்தான் கற்றேன். ரோமர் ஆடுவதையே அவர் காணொளியைப் பார்த்துத்தான் கற்றேன். முதல் ஆமை இரண்டாவது நிமிடத்தில் வரும், அதற்கு முன்னால் எந்தப் புதரில் நிற்க வேண்டும், எதிரி ஜங்கிளர் (காட்டு மிருகங்களை வேட்டையாடுபவர்) அவற்றை அடிக்க வைத்திருக்கும் ரெட்ரிபியூஷன் மந்திரம் எப்போது இருக்காது என்பதையெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சொல்லிக்கொடுத்தவருக்கு எதிராக அதையே சரியாக ஆடிக்காட்டுவதைவிட ஒரு மாணவன் வேறு என்ன செய்ய முடியும் அண்ணே? நான் உண்மையாகவே கேட்கிறேன். எனக்கு அந்த ஆட்டம் அவ்வளவு பெரிது. எட்டாவது நிமிடம் லார்டு என்ற பெரிய மிருகத்துக்கான சண்டையில் அவரைத் தடுத்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவரைத் தோற்கடித்துவிட்டேன் என்பதற்காக இல்லை, அவர் சொன்ன மாதிரியே செய்தேன் என்பதற்காக.

கெப்போங்_கன்னர்:
இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆனால் ஸ்னைப்பிங் சண்டையை ஒழிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, ஏன் யாரும் பேசவில்லை? யூடியூபில் நேரலையை 30 அல்லது 60 வினாடி தாமதமாக அனுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். 60 வினாடி பழைய படத்தை வைத்து எவனும் ஒன்றும் செய்ய முடியாது. நான் அதிகம் ஆடுவது வலோரண்ட், அதில் பெயரையே மறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, கூட வராத ஆட்களுக்கு உங்கள் பெயருக்குப் பதில் ஏஜெண்ட் பெயர்தான் தெரியும். அவர் இரண்டாவது கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு வேறு பெயரில் ஆடினாலும் போதும். கையில் இத்தனை வழி இருக்கும்போது ரசிகர்கள் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

ஆயர்_ஈத்தாம்:
60 வினாடி போதாது. எந்தப் பொருள் வாங்கப் போகிறார், அடுத்து எந்தப் பக்கம் தள்ளப் போகிறார், யாரைக் குறிவைக்கிறார் என்பதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுகிறார். ஒரு நிமிடம் கழித்துக் கேட்டாலும் அந்தத் திட்டம் அப்படியேதான் இருக்கும். தாமதம் மறைப்பது அவர் நிற்கும் இடத்தை மட்டும்தான், அவர் மனதில் இருப்பதை இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
அது மட்டும் இல்லை. தாமதம் வைத்தால் அந்தச் சேனலே செத்துவிடும். யாரோ அண்ணே சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள், அவர் உடனே பதில் சொல்கிறார், இன்னொருவர் சிரம்பானிலிருந்து அதற்கு ஒன்று எழுதுகிறார், அப்படியே பேச்சு போகிறது. அதில் ஒரு நிமிட இடைவெளி வைத்தால் கேள்வி ஒரு ஆட்டத்தில், பதில் அடுத்த சண்டைக்குப் பிறகு. பெரிய ஸ்ட்ரீமர்களுக்குச் சாட் ஓடுகிற வேகத்தில் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை, அவர்களுக்குத் தாமதம் பரவாயில்லை. சின்ன தமிழ்ச் சேனலில் அந்தப் பேச்சுதான் எல்லாமே.

இப்போது நான் சொல்ல வந்தது. ஆட்டத்தில் வணக்கம் சொல்லலாமா என்பது பற்றி. நான் ஒருமுறை வேறொரு ஸ்ட்ரீமருடன் ஒரே அணியில் வந்தேன், அவரும் தமிழர்தான். குரல் அரட்டை போட்டதும் தமிழில் பேச்சு கேட்டது. உங்களுக்குத் தெரியும், நம்ம சர்வரில் தகாலோக், பஹாசா, மாண்டரின் எல்லாம் கேட்கும், தமிழ் கேட்பது அபூர்வம். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி, உடனே மைக்கைப் போட்டு அண்ணே நான் உங்கள் ரசிகை என்று சொன்னேன். அடுத்த நொடியிலிருந்து அவருடைய சாட்டில் என் குரலைப் பற்றித்தான் பேச்சு. இன்ஸ்டாகிராம் கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள், அவர் அதைச் சிரித்துக்கொண்டே சத்தமாக வாசிக்கிறார். நான் மைக்கை மூடிவிட்டேன். ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு என்னைத் தெரியாத ஏராளமான பேர் முன்னால் என் குரல் போனது, போகலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் எனக்குக் கேள்வி வேறு. ரசிகர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறோமே, கேமராவைப் போட்டுக்கொண்டு ஆட வருகிறவருக்குப் பொறுப்பு இல்லையா? அந்த ஆட்டத்தில் இருக்கும் மற்ற ஒன்பது பேரும் நிகழ்ச்சியில் நடிக்க ஒப்புக்கொண்டவர்கள் இல்லை.

பட்டர்வொர்த்_பெரி:
அக்கா, உங்களுக்கு நடந்தது ரொம்பத் தப்பு. அந்த ஸ்ட்ரீமர் அதை வாசித்திருக்கவே கூடாது, மாடரேட்டர் அந்த ஆட்களை அங்கேயே தூக்கியிருக்க வேண்டும். ஆனால் அதற்காக வணக்கமே சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தால் நமக்குள் இருக்கிற நெருக்கம் போய்விடும். முகம் தெரியாத ஊரில் தமிழ்க் குரல் கேட்டும் பேசாமல் இருப்பதா?

ஆயர்_ஈத்தாம்:
நெருக்கம் என்கிறீர்கள் பெரி, அது இரண்டு பக்கமும் இருக்கிறதா என்பதுதான் இதில் கேள்வி. தொலைக்காட்சி புதிதாக வந்த காலத்திலேயே, 1956-ல், ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். திரையில் ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசப் பேச, பார்க்கிறவருக்கு அவர் பழகிய நண்பர் மாதிரி ஆகிவிடுகிறார், ஆனால் அவருக்கு இவர் யாரென்றே தெரியாது. ஸ்ட்ரீமில் அது இன்னும் கூடுகிறது, ஏனென்றால் எப்போதாவது நம் பெயரைச் சொல்லிப் பதிலும் வந்துவிடுகிறது. தம்பி டேங்குக்கு அவர் பல வருடப் பழக்கம். அவருக்குத் தம்பி டேங்க் ஒரு கூஃப்ரா. நாம் அவருக்காக விட்டுக்கொடுத்தாலும் அவருக்கு அது தெரியப் போவதில்லை, எதிராளி சரியாக ஆடவில்லை என்றுதான் நினைப்பார்.

பட்டர்வொர்த்_பெரி:
தெரியாமல் செய்தால்தான் அதற்கு மதிப்பு. நான் யாருக்கோ நல்லது நினைத்தால் அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

கெப்போங்_கன்னர்:
நல்லது நினைப்பதற்கு ஆட்டத்துக்கு வெளியே இடம் இருக்கிறது அண்ணே. 2019-ல் மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகக் கோப்பை புக்கிட் ஜாலில் அக்ஸியாதா அரங்கத்தில் நடந்தபோது போயிருந்தேன், 2024 டிசம்பரில் மறுபடியும் கோலாலம்பூரில் நடந்தபோதும் போனேன். அங்கே வரிசையில் நின்று கை குலுக்கலாம், படம் எடுக்கலாம், எவ்வளவு பிடிக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அதே 2024-ல் நம்ம நாட்டு அணி சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் எம்.எஸ்.சி. என்ற சர்வதேசக் கோப்பையை வென்றார்களே, நம்ம நாட்டில் யாராவது அவர்களுக்கு ராங்கில் விட்டுக்கொடுத்தா அவர்கள் அந்த நிலைக்கு வந்தார்கள்? இங்கே எதிரே வந்த ஒவ்வொருவனும் கடிக்க வந்ததால்தான் வந்தார்கள். நம்ம தமிழ் ஆளும் மேலே போக வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால் அவரை இன்னும் கடுமையாக அடிக்க வேண்டும்.

பட்டர்வொர்த்_பெரி:
அவர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் வீரர் இல்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் நம்மோடு உட்காருகிறவர். அவரைப் போட்டி அணியோடு சேர்க்காதே.

செந்தூல்_டேங்க்:
சரி, இப்போது எனக்கு ஒரு யோசனை வேண்டும். அந்தக் காணொளி வந்ததிலிருந்து தெரியாத ஆட்கள் எனக்கு ஆட்டத்துக்குள் நட்பு வேண்டுகோள் அனுப்பிவிட்டுத் திட்டுகிறார்கள். என் கல்லூரி நண்பர்களுக்கும் அந்தப் பெயர் நான்தான் என்று தெரியும். அவருக்கு எழுதி, காணொளியில் என் பெயரை மட்டும் மறைத்துவிடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். காணொளியை எடுக்கச் சொல்ல மாட்டேன், அது நல்ல காணொளி, அவர் விளக்கம் நன்றாக இருக்கிறது, நானே பலமுறை பார்த்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
எழுது. தயங்காதே. மரியாதையாக எழுது, ஆனால் உதவி கேட்கிற மாதிரி எழுதாதே. அதோடு இன்னொன்றும் கேள்: லோடிங் திரையில் மற்றவர்கள் பெயர் வரும் இடத்தில் ஒரு படத்தை மேலே வைத்து மறைத்துவிட்டால் போதும், நேரலையிலேயே செய்யலாம், பெரிய வேலை இல்லை. சாட்டில் ரிப்போர்ட் அடிக்கச் சொன்ன ஆளை அவர் வெளியே போட வேண்டும். தன்னுடைய ஆட்கள் இன்னொருவரைத் துரத்தும்போது நிறுத்துங்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

பட்டர்வொர்த்_பெரி:
பெயரை மறைப்பது சரி, அதற்கு நானும் ஆதரவு. வேண்டுமென்றால் அந்தக் காணொளிக்குக் கீழே நானே போய் தம்பி ஸ்னைப்பர் இல்லை என்று எழுதுகிறேன், நேரலையில் பார்த்தவன் என்ற முறையில். ஆனால் சாட்டில் நடப்பதற்கெல்லாம் அவரைப் பொறுப்பாக்குவது சரியில்லை அக்கா. அவர் தனி ஆள், ஆடிக்கொண்டே அத்தனையையும் படிக்க முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
சூப்பர் சாட் வந்தால் மட்டும் ஆடிக்கொண்டே படிக்க முடிகிறதே பெரி.

பட்டர்வொர்த்_பெரி:
அது நிறம் மாறி மேலே நிற்கும், அதனால் கண்ணில் படும். மற்றது ஓடிவிடும்.

ஆயர்_ஈத்தாம்:
அதற்குத்தான் மாடரேட்டர். நம்மில் யாராவது இரண்டு பேர் அந்த வேலையைச் செய்கிறோம் என்று அவருக்கு எழுதலாம். நான் தயார். இரவு பதினொரு மணிவரை இருக்க முடியும், அதற்கு மேல் என்றால் வேறு ஆள் வேண்டும்.

பட்டர்வொர்த்_பெரி:
பதினொன்றுக்கு மேல் நான் இருக்கிறேன். ஆனால் தம்பி டேங்க், அடுத்த முறை அவர் எதிரே வந்தால் கூஃப்ராவை எடுக்காதே.

செந்தூல்_டேங்க்:
ஃபேனியை எடுத்தால் எடுப்பேன் அண்ணே.